நரபலிக் கதையும் நடைச்சீட்டும்

2015ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் தேதி இரவை, மதுரை மாவட்டம் மேலூரை அடுத்த சின்னமலம்பட்டியின் இடுகாட்டில் ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி கழித்தார். கிரானைட் குவாரி முறைகேடுகளை விசாரிக்கச் சென்னை உயர் நீதிமன்றம் நியமித்த சட்ட ஆணையர் உ.சகாயம்தான் அவர். குவாரித் தொழில் செழிக்க வேண்டி மனநலம் குன்றியவர்களைக் கொண்டுவந்து நரபலி கொடுத்தார்கள், உடல்களை இங்கேதான் புதைத்தார்கள் என்று முன்னாள் ஊழியர் ஒருவர் அவரிடம் புகார் அளித்திருந்தார். அன்று தோண்டும் பணி தொடங்கவில்லை. இரவோடு இரவாகத் தடயங்கள் கலைக்கப்படக்கூடும் என்று கருதிய அவர் அங்கேயே படுத்து உறங்கினார். மறுநாள் தோண்டியபோது எலும்புகள் கிடைத்தன. ஊரார் காலங்காலமாகப் பிணம் புதைக்கும் இடத்தில் எலும்பு கிடைப்பதில் என்ன வியப்பு என்று மறுத்தவர்களும் இருந்தனர்.

அந்தக் குற்றச்சாட்டு மெய்யா பொய்யா என்று தீர்ப்புச் சொல்வது காவல்துறையின் புலனாய்வையும் நீதிமன்றத்தையும் சார்ந்தது. அதில் நான் தலையிடப் போவதில்லை. என்னைப் பல ஆண்டுகளாக உறுத்திக்கொண்டிருப்பது வேறொரு கேள்வி. நரபலி என்னும் அந்த ஒரு சொல், மதுரைச் சமவெளியில் ஏன் அத்தனை எளிதாக நம்பப்பட்டது? அந்நாட்களில் மேலூர், கீழவளவு, திருவாதவூர்ப் பக்கம் எந்தத் தேநீர்க் கடையில் அமர்ந்தாலும் இதே பேச்சுதான். குவாரி முதலாளிகளின் குடும்பங்கள் எந்த அமாவாசைக்கு எந்தத் தெய்வத்துக்கு என்ன படைக்கின்றன, வெளியூரிலிருந்து வரும் மந்திரவாதி யார், மாளிகையின் அடித்தளத்தில் பூட்டியே கிடக்கும் அறை எதற்கு என்றெல்லாம் நேரில் கண்டவர்களைப் போலச் சொன்னார்கள். சொன்னவர்களில் எவரையும் அறிவிலி என்று நான் கருதவில்லை. மலை ஒன்று கண்ணெதிரே மறைந்துபோனதைப் பார்த்தவர்கள் அவர்கள். அதற்கொரு விளக்கம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. அரசிடமிருந்து எந்த விளக்கமும் வரவில்லை. மரபில் ஆயத்தமாக ஒன்று இருந்தது.

திடீர்ச் செல்வத்துக்கு நம் மரபு வைத்திருக்கும் விளக்கம் புதையல். புதையலுக்குப் பூதம் காவல். பூதம் கேட்பது தலைச்சன் பிள்ளை. தலைச்சன் குழந்தை இறந்தால் புதைத்த இடத்தில் இரவுக்காவல் இருந்த குடும்பங்களைப் பற்றி மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். மண்டையோட்டை எடுத்து மை தயாரிக்க மந்திரவாதி வருவான் என்னும் அச்சமே காரணம். இந்தக் கதைகளில் ஒரு கணக்கு இருப்பதைக் கவனிக்கலாம். ஒரு வீட்டில் செல்வம் கூடினால் இன்னொரு வீட்டில் உயிர் குறைய வேண்டும். உழைப்பாலும் வட்டியாலும் வணிகத்தாலும் பணம் பெருகும் வழிகளை நன்கறிந்த சமூகம், அவ்வழிகளில் அடங்காத பணத்தைக் கண்டதும் ‘இது யாரோ ஒருவரின் இரத்தம்’ என்று முடிவுகட்டுகிறது. பொருளியல் உண்மையாகப் பார்த்தால் அது அப்படியொன்றும் தவறான முடிவில்லை.

மதுரை இத்தகைய கதைகளுக்குப் பஞ்சமில்லாத ஊர். திருமலை நாயக்கர் 1659இல் காலமானார். அவர் கிறித்தவத்தின் பக்கம் சாய்கிறார் என்று அஞ்சிய அர்ச்சகர்கள், நிலவறையில் பெரும் புதையல் இருப்பதாகச் சொல்லி அவரைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்று, அறையில் இறக்கிவிட்டுப் பாறையால் வாயிலை மூடிவிட்டார்கள் என்றொரு கதை நெடுங்காலம் உலவியது. 1868இல் மதுரை நாட்டு வரலாற்றுக் கையேட்டை எழுதிய ஜே.எச்.நெல்சன் இத்தகைய வழக்குகளைப் பதிவுசெய்திருக்கிறார். மீனாட்சியம்மன் கோயிலுக்குத் திருப்பணிகளை அள்ளிச் செய்த ஓர் அரசர், அதே கோயிலின் இருட்டறையில் மாண்டார் என்று சொல்லும் இந்தக் கதைக்குச் சான்று ஏதுமில்லை. ஆயினும் அதன் உறுப்புகளைப் பாருங்கள். கமுக்கமான ஒரு குலம், பூட்டிய அறை, புதையல், வெளியே தெரியாத மரணம். இன்று கைப்பேசியில் வரும் எந்தச் சதிக்கதையிலும் இவை நான்கும் இருக்கும்.

இன்னும் சுவையானது அழகர்கோயில் கதை. மலையாள நாட்டிலிருந்து பதினெட்டு மந்திரவாதிகள், அழகரின் ஆற்றலைக் கவர்ந்து செல்ல வந்தார்கள். பிறர் கண்ணுக்குப் புலப்படாதிருக்க மந்திர மை தீட்டியிருந்தார்கள். ஒரு வழக்கின்படி, சுடச்சுடப் படைத்த உணவின் ஆவியில் அந்த மை கரைந்து அவர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். பதினெட்டுப் பேரையும் கொன்று படிகளுக்குக் கீழே புதைத்தார்கள். அவர்களோடு வந்த கருப்பன் அழகரின் அழகில் மயங்கி அங்கேயே காவல் தெய்வமாக நின்றுவிட்டான். பதினெட்டாம்படிக் கருப்பனின் சந்நிதிக் கதவு இன்றும் சந்தனம் பூசப்பட்டு நிற்கிறது. அதன் முன்னே பொய்ச்சத்தியம் செய்ய மதுரை வட்டாரத்தில் எவரும் துணிவதில்லை. தொ.பரமசிவன் தம் ‘அழகர் கோயில்’ ஆய்வில் இக்கதையை எள்ளி நகையாடாமல், ஒரு கோயிலுக்கும் அதைச் சூழ்ந்துள்ள மக்களுக்கும் இடையிலான உறவின் வரலாறாகக் கொண்டு ஆராய்ந்தார். எனக்கு அக்கதையில் படுவது, தீய மந்திரம் எப்போதும் வேற்று நாட்டிலிருந்தே வருகிறது என்பது. மாட்டுத்தாவணிச் சுவர்களில் இன்றும் ‘கேரள மாந்திரீகம்’ என்றுதான் சுவரொட்டி ஒட்டுகிறார்கள். உள்ளூர் மாந்திரீகத்துக்குச் சந்தையில் மதிப்பில்லை போலும்.

இவையெல்லாம் கதையாக இருக்கும்வரை யாருக்கும் கேடில்லை. ஒரு குற்றத்தின் இடத்தைக் கதை பிடித்துக்கொள்ளும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

மேலூரில் மலைகள் மறைந்த வழி மந்திர வழி அன்று. சிறிய பரப்புக்குக் குத்தகை பெறுவது, அதையொட்டிய புறம்போக்கிலும் பட்டா நிலத்திலும் சேர்த்து வெட்டுவது, ஒரு நடைச்சீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட நடை கல் ஏற்றுவது, கழிவுக் கல்லைக் கண்மாயிலும் வரத்துக்கால்வாயிலும் கொட்டுவது, ஏற்றுமதிக்குப் போகும் கன அளவுக்கும் அரசுக்குக் காட்டும் கன அளவுக்கும் இடையே பெரும் இடைவெளி வைப்பது. விசாரணைகளில் பேசப்பட்ட முறைகேடுகள் இந்த வகையைச் சேர்ந்தவை. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம் உண்டு. படிவத்தின் அடியில் ஓர் அலுவலரின் கையொப்பம் உண்டு. உலகச் சந்தையில் ‘காஷ்மீர் ஒயிட்’ என்னும் பெயரில் விற்கப்படும் கல் மதுரைப் பக்கத்துக் கல் என்பது பலருக்குத் தெரியாது. ஊரின் பெயர்கூடத் தெரியாமல் ஊர் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது.

மதுரை ஆட்சியராக இருந்த சகாயம், 2012 மே மாதம் அரசுக்கு அனுப்பிய அறிக்கையில் இழப்பை ரூ.16,338 கோடி என மதிப்பிட்டார். அதே மாதத்தில் அவர் கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்துக்கு மாற்றப்பட்டார். அறிக்கையின் செய்தி ஆகஸ்டில்தான் நாளிதழ்களில் வெளியாயிற்று. 2014 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக நியமித்தது. 2015 நவம்பர் 23ஆம் தேதி அவர் தாக்கல் செய்த அறிக்கை இழப்பை ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கும் மேலாகக் காட்டியது. செப்டம்பரில் இடுகாட்டுக்கு விரைந்த தொலைக்காட்சி வண்டிகளின் கூட்டத்தையும், நவம்பரில் அந்த அறிக்கையின் உள்ளடக்கத்துக்கு நம் ஊடகங்கள் ஒதுக்கிய நேரத்தையும் ஒப்பிட்டால் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. எலும்பு காட்சியாகிறது. மூடப்பட்ட மடை காட்சியாவதில்லை.

நரபலிப் புகாரைப் பொருட்படுத்தியிருக்கக் கூடாது என்று நான் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். மனநலம் குன்றிய ஆதரவற்றவர்களைத் தெருவிலிருந்து அழைத்துவந்து கூலியின்றி வேலை வாங்கினார்கள், அவர்களில் சிலர் பிறகு காணப்படவில்லை என்னும் புகார் உண்மையானால் அது கொடிய குற்றம். ஆனால் நரபலி என்னும் சொல் அக்குற்றத்தின் மீது ஒரு புகைமூட்டத்தைப் போர்த்திவிட்டது. எந்தத் தெய்வத்துக்கு, எந்த நாளில், எத்தனை தலை என்ற பேச்சு வளர்ந்தது. வேலைக்கு வந்தவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது, கூலிப் பட்டியல் எங்கே, தொழிலாளர் துறை ஆய்வாளர் அந்தக் குவாரிக்குள் கடைசியாக எப்போது கால்வைத்தார், வெடிவிபத்திலோ கல் சரிந்தோ இறந்தவர்களின் கணக்கு யாரிடம் உள்ளது என்ற வினாக்கள் தேய்ந்தன. பெயரில்லாமல் வேலை செய்தவன் பெயரில்லாமல் சாகும்போது, அவனைக் கொன்றது மந்திரமா இயந்திரமா என்பது இரண்டாவது கேள்வி. அவன் பெயர் ஏன் எங்கும் எழுதப்படவில்லை என்பதுதான் முதல் கேள்வி.

இதே மயக்கம் உலகளாவிய அளவிலும் உண்டு. கடந்த பத்தாண்டுகளில் ‘இலுமினாட்டி’ என்னும் சொல் மதுரைக் கல்லூரி மாணவர் விடுதிகளில் சரளமாகப் புழங்கக் காண்கிறேன். பதின்மூன்று குடும்பங்கள் உலகை ஆள்கின்றன, முக்கோணத்துக்குள் கண் வரைந்திருந்தால் அது அவர்களின் முத்திரை, சாத்தானை வணங்கித்தான் அவர்கள் பணம் சேர்த்தார்கள் என்கிறார்கள். உண்மையான இலுமினாட்டி, ஜெர்மனியின் பவேரியாவில் 1776 மே 1ஆம் தேதி இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆதம் வைஸ்ஹாப்ட் தொடங்கிய ஒரு கழகம். மதகுருமாரின் பிடியிலிருந்து அறிவை விடுவிப்பதே அதன் நோக்கம். பவேரிய அரசு 1784, 1785ஆம் ஆண்டுகளில் அதைத் தடைசெய்தது. சில ஆண்டுகளில் அது கலைந்தே போயிற்று. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1797இல் பிரான்சைச் சேர்ந்த பாதிரியார் பாரூயலும் ஸ்காட்லாந்தின் ராபிசனும் தனித்தனியே நூல் எழுதி, புரட்சியே இக்கழகத்தின் சதி என்றார்கள். மன்னராட்சி ஏன் கவிழ்ந்தது என்பதற்கு ரொட்டி விலையையும் அரசின் கடனையும் ஆராய்வதைவிட இது எளிது.

ராத்ஸ்சைல்டு குடும்பத்தைப் பற்றிய கதையின் பிறப்பும் அவ்வாறே. வாட்டர்லூ போர்க்களத்திலிருந்து செய்தியை முந்திக்கொண்டு வந்து லண்டன் பங்குச்சந்தையில் நாதன் ராத்ஸ்சைல்டு கொள்ளை இலாபம் அடித்தார் என்னும் கதையைப் பரப்பியது, 1846இல் பாரிசில் வெளியான ஒரு சிறுநூல். போர் நடந்த நாளில் நாதன் இங்கிலாந்தில்தான் இருந்தார். அந்நூலை எழுதியவர் இட்டுக்கொண்ட புனைபெயர் ‘சாத்தான்’. இதைவிட வெளிப்படையாக யாரும் ஒப்புக்கொள்ள முடியாது! 1903இல் ரஷ்ய நாளிதழில் வந்த ‘சியோன் மூத்தோரின் நெறிமுறைகள்’, பிரெஞ்சு வழக்கறிஞர் மோரிஸ் ஜோலி 1864இல் மூன்றாம் நெப்போலியனைப் பகடிசெய்து எழுதிய நூலிலிருந்து களவாடப்பட்டது என்பதை லண்டன் ‘டைம்ஸ்’ 1921இல் பத்தி பத்தியாக ஒப்பிட்டுக் காட்டியது. அதன் பிறகும் இட்லர் அதைப் பயன்படுத்தினார். வதந்தியில் பேசப்பட்டவை செல்வந்தக் குடும்பங்கள். வதைமுகாமில் மாண்டவர்களோ தையற்காரர்களும் பள்ளி ஆசிரியர்களும் குழந்தைகளும்.

கதை சுட்டுவது வலியவரை. அடி விழுவது எளியவர் மீது. நம் சமவெளியிலும் இதற்குச் சான்று உண்டு. அதைச் செய்தது ஊரார் அல்லர், அரசு. 1830களில் வட இந்தியாவில் ஸ்லீமன் ‘தக்கர்’களைத் தேடியபோது, காளியை வணங்கிக் கொலைசெய்யும் இரகசியக் குலங்கள் நாடெங்கும் இருப்பதாகவும், தந்தையிடமிருந்து மகனுக்குக் குற்றம் குலத்தொழிலாக இறங்குவதாகவும் ஆங்கிலேய நிர்வாகம் நம்பத் தொடங்கியது. 1871இல் குற்றப்பரம்பரைச் சட்டம் பிறந்தது. 1911இல் திருத்தப்பட்டு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் வாழ்ந்த ஊர்களில் ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். ராதாரிச் சீட்டு இல்லாமல் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. ஒரு சமூகம் முழுவதும் பிறப்பிலேயே சதிகாரர் என்பது, அரசிதழில் அச்சேறிய கட்டுக்கதையன்றி வேறென்ன? கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3ஆம் தேதி காவல்துறை சுட்டதில் குறைந்தது 16 பேர் மாண்டனர். மாயக்காள் என்னும் பெண்ணும் அவர்களில் ஒருவர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிய 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஊராரும் தங்கள் பங்கைச் செய்திருக்கிறார்கள். 2018ஆம் ஆண்டு மே மாதம், குழந்தைகளைக் கடத்தும் வடநாட்டுக் கும்பல் வந்திருக்கிறது என்னும் வாட்ஸ்அப் செய்தி தமிழகமெங்கும் பரவியது. அந்தச் சில நாட்களில் மதுரைப் பக்கத்து ஊர்களிலும் துணி விற்க வந்தவர்களையும் பிச்சை எடுப்பவர்களையும் நிறுத்தி விசாரிப்பதை நானே பார்த்தேன். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயில் தேடி வந்த 65 வயதுப் பெண்மணி குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதற்காக மே 9ஆம் தேதி அடித்துக் கொல்லப்பட்டார். பழவேற்காட்டில் மனநலம் பாதிக்கப்பட்டவராகச் சொல்லப்பட்ட ஒருவரை அடித்துப் பாலத்தில் தொங்கவிட்டார்கள். மகாராட்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஜூலை 1ஆம் தேதி நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐவர் கொல்லப்பட்ட பிறகே, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதவாறு அந்நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. எந்தப் பெருமாளிகையின் கதவையும் அந்தக் கும்பல்கள் தட்டவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

நரபலியே நடப்பதில்லையா என்று கேட்பவர்களுக்கு, கேரளத்தின் இலந்தூர் வழக்கு இருக்கிறது. 2022 அக்டோபரில் வெளிச்சத்துக்கு வந்த அவ்வழக்கில், செல்வம் சேரும் என்று நம்பி இரு பெண்களைக் கொன்றதாக ஒரு தம்பதியும் இன்னொருவரும் குற்றம்சாட்டப்பட்டுள்ளனர். கொல்லப்பட்ட இருவரும் லாட்டரிச் சீட்டு விற்று வாழ்ந்தவர்கள். ஒருவர் நம் தருமபுரியிலிருந்து பிழைக்கப் போனவர். குற்றம்சாட்டப்பட்டவர் பாரம்பரிய வைத்தியம் செய்துவந்த சாதாரண மனிதர். அவரை வலையில் வீழ்த்தியது போலி முகநூல் கணக்கு என்கிறது காவல்துறை. உலகை ஆளும் குலம் எதுவும் இதில் இல்லை. பெரும்பணக்காரர்களுக்கு ஏதோ ஒரு மறைபொருள் தெரியும் என்னும் நம்பிக்கையில், அதை எப்படியாவது பிடித்துவிடத் துடித்த நடுத்தரக் குடும்பம் ஒன்றே இருந்தது. மண்ணுளிப் பாம்பையும், அரிசியை ஈர்க்கும் இரிடியக் கலசத்தையும் கோடிக்கணக்கில் விலைபேசுகிறவர்கள் விற்பதும் இந்த நம்பிக்கையைத்தான். 2014இல் வந்த ‘சதுரங்க வேட்டை’ படம் அந்த மோசடிகளைக் காட்டிய பிறகும் ஏமாறுவோர் குறையவில்லை.

மேலூருக்கே திரும்புகிறேன். 2024 நவம்பர் 7ஆம் தேதி, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க வட்டாரம் ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனது அறிவிக்கப்பட்டது. பரப்பு 2,015.51 ஹெக்டேர். 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் அதற்குள் வந்தது. கிரானைட் காலத்தில் பேயையும் பலியையும் பேசிய அதே ஊர்க்காரர்கள் இம்முறை பேசியது எண்களை. எந்தெந்தக் கிராமம் வரைபடத்துக்குள் வருகிறது, எத்தனை கண்மாய், எந்தக் குடைவரை, எந்தத் தமிழிக் கல்வெட்டு என்று பெண்கள்கூட விரல்விட்டு எண்ணிச் சொன்னார்கள். நிறுவனத்தின் பெயர், ஏலம் விட்ட அமைச்சகம், தேதி எல்லாம் அனைவருக்கும் தெரிந்திருந்தது. கிராமசபைகள் தீர்மானம் இயற்றின. டிசம்பர் 9ஆம் தேதி சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் தலைமை அஞ்சலகம் வரை ஆயிரக்கணக்கானோர் நடந்து வந்தார்கள். 2025 ஜனவரி 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை இரத்துசெய்தது.

மக்கள் மாறிவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள மாட்டேன். இம்முறை ஏல அறிவிப்பும் வரைபடமும் முதல் நாளிலேயே அவர்கள் கைக்கு வந்தன. கிரானைட்டில் அது நிகழவில்லை. எந்தச் சர்வே எண்ணுக்குக் குத்தகை, எது வரை வெட்டினார்கள் என்பதை அறிய ஓர் ஆட்சியரின் அறிக்கை கசிய வேண்டியிருந்தது. ஆகவே என் கோரிக்கை எளியது. 2012, 2015ஆம் ஆண்டுகளின் அந்த இரு அறிக்கைகளையும் அரசு தமிழில், ஊர்வாரியாகப் பிரித்து அச்சிட்டு, மேலூர் வட்டத்தின் ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்திலும் வைக்கட்டும். கீழவளவிலும் திருவாதவூரிலும் எந்தக் கண்மாய்க்குள் எத்தனை கன மீட்டர் கழிவுக் கல் கிடக்கிறது, அதை அகற்றும் பொறுப்பு யாருக்கு, எந்த நாளுக்குள் என்பதை அடுத்த கிராமசபையில் எழுந்து நின்று வாசிக்கட்டும்.